முப்பத்தாறு வயதில் இவ்வளவு மறதி ஏன்? கிளிநொச்சியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டிருப்பவர் கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் 36 வயதுப் பெண். "பிள்ளைகளின் பெயர் வாய்க்கு வர மறுக்கிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி நெருப்பை அணைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. வீட்டைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிறேன். மேசன் வேலை செய்யும் கணவருக்கு 41 வயது. சொன்ன எதையும் செய்வதில்லை, கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார். அவருடைய காதுக்குப் பின்னால் 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிறவர்களும் தங்களுக்கு மறதி கூடிவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவில் இளம் வயதினரிடையே இது இரண்டு மடங்காகிவிட்டதாகச் செய்தி படித்தேன். கொரோனா ஊசியா, போனா, நாங்கள் பட்ட பாடா, எது காரணம்?"

பிள்ளை, அந்த அமெரிக்கச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பயத்தில் பாதி அங்கிருந்து வந்திருக்கிறது. அதை வடிவாகப் படித்தால் ஒரு பங்கு அங்கேயே கழியும்.

அந்த ஆய்வு 2025இல் 'நியூரோலொஜி' என்ற நரம்பியல் சஞ்சிகையில் வந்தது. அந்த நாட்டில் ஆண்டுதோறும் பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து உடல்நலம் பற்றிக் கேட்பார்கள். 2013 முதல் 2023 வரை கிடைத்த 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். உடல், மன அல்லது உணர்வு நிலை காரணமாகக் கவனம் செலுத்தவோ நினைவில் வைத்திருக்கவோ முடிவெடுக்கவோ உங்களுக்குக் கடும் சிரமம் இருக்கிறதா என்பதே கேள்வி. 'ஆம்' என்றவர்கள் 5.3 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். 18 முதல் 39 வயது வரையானவர்களை மட்டும் பார்த்தால் 5.1 சதவீதம் 9.7 ஆகியிருக்கிறது. நீங்கள் படித்த 'இரண்டு மடங்கு' இதுதான்.

இதில் ஒருவருக்குக்கூட ஞாபகப் பரிசோதனை வைக்கப்படவில்லை. கவனம், நினைவு, முடிவெடுத்தல் என்ற மூன்று வேறு விடயங்களை ஒரே மூச்சில் கேட்டு, ஒரே 'ஆம்' வாங்கியிருக்கிறார்கள். எண்ணப்பட்டது முறைப்பாடு. முறைப்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சு நோகிறது என்று ஒருவர் வந்தால் அது இருதயமா, வாயுவா, துக்கமா என்று பார்க்க வேண்டியிருப்பதைப் போல, 'மறதி' என்று வருகிறவரிடமும் எது மறக்கிறது, எப்போது மறக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதே கணக்கில் இன்னும் மூன்று இலக்கங்கள் உண்டு. செய்திகளில் அவை பெரும்பாலும் வருவதில்லை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்த முறைப்பாடு 7.3 சதவீதத்திலிருந்து 6.6 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே ஊரெல்லாம் மூளை தேயும் நோய் பரவுகிறது என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. இரண்டாவது, ஏற்றம் தொடங்கியது 2016இல். கொரோனா வர இன்னும் நான்கு வருடம் கிடந்தது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ஆண்டு வருமானம் 35,000 டொலருக்குக் குறைந்தவர்களில் சிரமம் சொன்னவர்கள் 8.8 சதவீதத்திலிருந்து 12.6 ஆனார்கள். 75,000 டொலருக்கு மேல் உழைப்பவர்களில் 1.8 சதவீதம் 3.9 ஆனது. போன் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. கிருமி இரண்டு வீட்டுக்கும் போனது. ஆனாலும் கஷ்டப்பட்ட வீட்டில் முறைப்பாடு மூன்று மடங்கு. கவனம் நிற்காதவர்களால் நன்றாக உழைக்க முடிவதில்லை, அதனால் அவர்கள் கீழே தங்கிவிடுகிறார்கள் என்று திருப்பியும் சொல்லலாம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கும். ஆனால் வன்னியில் இருபத்தைந்து வருடம் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியராக இருந்த எனக்கு, கஷ்டம்தான் கவனத்தைக் கெடுக்கிறது என்ற விளக்கமே கண்ணால் கண்டது.

ஒரு தாய் வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கம், நாற்பது வயதிருக்கும். "டொக்டர், எனக்கு மூளை கழன்றுவிட்டது" என்றார். நான் வழக்கமாகச் செய்வதுபோல் மூன்று சொற்களைச் சொன்னேன்: கதவு, எலுமிச்சங்காய், மாட்டுவண்டி. ஐந்து நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். கதவு மட்டும் வந்தது. குறிப்பெழுதக் கிளினிக் கொப்பியை வாங்கித் திருப்பினால், பின்னட்டையில் பென்சிலால் எழுதி அழித்து எழுதி அழித்து ஒரு கணக்கு. செவ்வாய் 1,850. வியாழன் 2,400. சங்கம் 500. சீட்டு 3,000. அது என்ன என்று கேட்டேன். கட்ட வேண்டிய கடன் தவணைகள் என்றார். கொப்பி என் கையில் இருக்க, அவர் பார்க்காமலே ஒவ்வொரு தொகையையும் ரூபா பிசகாமல் சொன்னார். எந்தக் குழுவில் யார் போன கிழமை கட்டவில்லை, அதற்காக மற்ற நாலு பேரும் எவ்வளவு போட்டார்கள், இன்னும் எத்தனை கிழமை மிச்சம் என்பதையும் சொன்னார். என்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. அந்தத் தாயின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அது முழு நேரமும் வேறொரு வேலையில் இருந்தது; என் எலுமிச்சங்காய்க்கு அங்கே இடமில்லை.

ஞாபகத்துக்கு மூன்று படி உண்டு. பிடிப்பது, வைத்திருப்பது, எடுப்பது. முதுமையில் வரும் நோய் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதை. உங்கள் வயதில் 'மறதி' என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தவறுவது முதலாவது. பாலை அடுப்பில் வைத்த அந்தக் கணத்தில் மனம் குசினியில் இருக்கவில்லை. பூட்டைத் திருகியது கை மட்டும்தான். பதியாத ஒன்றைப் பிறகு எங்கே தேடுவது? நானும் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வங்கிக்குப் போய், அலுவல் முடிந்து பஸ்ஸில் வீடு வந்துசேர்ந்து, களவு போய்விட்டது என்று பொலிசுக்குப் போகப் புறப்பட்டேன். அன்று என் தம்பியின் மரணச் செய்தி வந்து மூன்றாம் நாள். மனைவிதான் "வங்கி வாசலில் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றாள்.

இந்தச் சுமையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் மொழி பேசுகிறவர்களிடம். 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஆய்வு அது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கெடுத்தார்கள். வெட்டுக்கு முன் கை வறண்டு நகை அடகில் இருக்கும்போது ஒருதரமும், வெட்டு முடிந்து காசு வந்த பிறகு ஒருதரமும் அதே ஆட்களுக்கு அதே விதமான வடிவப் புதிர்களையும் கவனச் சோதனையையும் கொடுத்தார்கள். காசு வந்த பிறகு அதே தலை முன்பைவிடச் சரியாகவும் விரைவாகவும் விடை சொன்னது. பிறகு அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டு கிழமைச் சம்பள இடைவெளியும் ஒரு போகம் முழுக்கக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். காலபோகத்துக்கு உரம் வாங்கத் தாலிக்கொடியை வங்கியில் வைத்துவிட்டு மாசி மாதம் வரை வானத்தைப் பார்த்திருக்கிற வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்த பிறகு வன்னிக்குள் வந்து குவிந்த நுண்கடன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது போனது. பிறகு 2021இல் உரத்தடை, 2022இல் விலையேற்றம், பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனக்கணக்கைக் கூட்டிவிட்டுப் போயின.

அடுத்தது நித்திரை. ஆரோக்கியமானவர்களை இரவில் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு இரண்டு கிழமை பார்த்தால், கவனச் சோதனைகளில் அவர்கள் ஓரிரு இரவு முழுதாக விழித்தவர்களைப்போல் தடுமாறுகிறார்கள். கேட்டால் 'எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அலுப்பு' என்கிறார்கள். தங்கள் மூளை மந்தமானது அவர்களுக்கே தெரிவதில்லை. இங்கே யானைக்கும் பன்றிக்கும் வயலில் விடிய விடியக் காவல் இருந்துவிட்டு வருகிறவர், வெளிநாட்டில் இருக்கும் மகனின் அழைப்புக்காக நடுச்சாமம் வரை விழித்திருக்கும் தாய், அதிகாலை நான்கு மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு எழும்பும் பிள்ளை என எல்லோருமே அந்த ஆறு மணிக்குக் கீழே இருப்பவர்கள். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறவர்கள் தனி வகை. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அவர்களுக்கு அது நித்திரையாகாது. உங்கள் கணவர் அப்படியா என்று கவனியுங்கள்.

நாங்கள் பட்ட பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 சதவீதமானவர்களிடம் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் மட்டும் பார்த்தால் 41.8 சதவீதம். முள்ளிவாய்க்கால் வரை நடந்து மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி இதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சோர்வுற்ற மனம் மந்தமாகத்தான் பதியும். பயந்த மனம் வேறு விதம். அது எப்போதும் வாசலில் காவல் நிற்கிறது, கோவில் திருவிழா வெடிக்கு மேசைக்குக் கீழே குனிகிறது, உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்க அதற்கு நேரமில்லை.

அந்த அமெரிக்கக் கணக்கில், மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்களை விலக்கிவிட்டுத்தான் எண்ணினார்கள். நல்ல வேலைதான். ஆனால் வன்னியில் அப்படி ஒரு சல்லடை போட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். 'உங்களுக்கு மனச்சோர்வா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'யோசினை கூட' என்பார்கள். தலையிடி, நெஞ்சுப் பாரம், பெருமூச்சு, உடம்பு உளைவு என்பார்கள். இப்போது அந்த வரிசையில் 'மறதி'யும் சேர்ந்திருக்கிறது. நான் இதில் ஒரு நன்மையையும் காண்கிறேன். இருபது வருடத்துக்கு முன் வாய் திறக்காதவர்கள் இன்று ஏதோ ஒரு பெயரில் சொல்ல வருகிறார்கள். முறைப்பாடு கூடுவதில் ஒரு பங்கு, சொல்லக் கூச்சம் குறைந்ததும்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள் இதிலும் வேறு. இறந்தவருக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்யலாம், அழுது ஒரு கரை காணலாம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்காக மனம் ஒரு கதவை ஒவ்வொரு நாளும் திறந்தே வைத்திருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் குந்திய அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தடுமாறுவார்கள். மகன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறத்தை மட்டும் ஒருநாளும் தவறவிட மாட்டார்கள்.

கொரோனாவுக்கு வருவோம். ஊசியில் குற்றமில்லை என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். ஏற்றம் ஊசிக்கு முன்பே தொடங்கியது, இங்கே பெரும்பாலானவர்களுக்குப் போட்ட சினோபாம் அமெரிக்காவில் போடப்படவே இல்லை. நோய்த்தொற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இணையவழிச் சோதனை வைத்து 2024இல் வெளியிட்ட முடிவில், தொற்று வந்து முற்றாகச் சுகமானவர்களும் வராதவர்களைவிடச் சிறிது பின்தங்கினார்கள், நுண்ணறிவு அளவுகோலில் சுமார் மூன்று புள்ளி. அறிகுறி நீடித்தவர்களுக்கு ஆறு. மூன்று புள்ளி என்பது அன்றாட வாழ்வில் ஒருவர் கண்டுகொள்ளாத அளவு. அறிகுறி மாதக்கணக்கில் நீடித்தவர்களுக்குத்தான் அது உண்மையான தொல்லை. காய்ச்சல் வந்து போன பிறகுதான் எல்லாம் தொடங்கியது என்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கவனத்தை அது துண்டு போடுகிறது என்பது உண்மை. பாடம் நடத்தும்போது பையில் வைத்துவிடுங்கள். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது வசதியான வேலை. கடன்காரரும் யானையும் நித்திரையின்மையும் தப்பிவிடுகின்றன.

உடம்பில் இருக்கும் காரணங்களை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக்கூடாது, ஏனென்றால் திருத்தக்கூடியவை அவைதான். இரத்தச்சோகை, அதுவும் மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு. தைரொயிட் குறைவு: குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், மலச்சிக்கல், உடம்பு ஊதுதல் இவற்றோடு மறதியும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை. பி12 விட்டமின் குறைவு மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வரும், சலரோகத்துக்கு வருடக்கணக்கில் மெற்போமின் குடிக்கிறவர்களுக்கும் வரும். கட்டுக்குள் இல்லாத சலரோகமும் பிரசரும் கேட்கவே வேண்டாம். வவுனியாப் பக்க விவசாயிகளானால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். பின் நாற்பதுகளில் மாதவிடாய் நிற்கும் காலத்தை அண்டிய பெண்களுக்கு நித்திரையும் கவனமும் குழம்புவது வழக்கம், அது பெரும்பாலும் தானாகத் தெளியும். ஆண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம். பதில் 'இடைக்கிடை' என்றுதான் வரும். மனைவியைத் தனியாகக் கேட்டால் இடை எது, கிடை எது என்று தெரியும்.

பிறகு குளிசைகள். தடிமனுக்கும் கடிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் பிரிட்டோன் (Piriton) குளிசை, தலையிடிக்கும் நித்திரைக்கும் எழுதிக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், யாரோ ஒருவர் பழக்கிவிட்ட நித்திரைக் குளிசை எல்லாமே தலையை மந்தமாக்கக்கூடியவை. ஒரே ஆள் மூன்றையும் குடித்துக்கொண்டு மறதி என்று வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். வைத்தியரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம், நித்திரைக் குளிசையைத் திடீரென விட்டால் வலிப்புக்கூட வரலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அரசாங்க வைத்தியசாலையில் இரத்த அணுக்கள், தைரொயிட், சீனி, முடிந்தால் பி12 பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழும்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். பூட்டும்போது 'பூட்டிவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், கையோடு மனத்தையும் அந்த இடத்துக்கு இழுத்து வர அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நெஞ்சுப் பாரமும் அழுகையும் இருந்தால் உளநலப் பிரிவுக்குப் போக வெட்கப்பட வேண்டாம். தன் மறதியைத் தானே விவரமாக எழுதுகிறவரைப் பற்றி நான் அதிகம் பயப்படுவதில்லை. தெரிந்த ஒழுங்கையில் வழி தவறுகிறவர், தனக்கு ஒன்றும் இல்லை என்று சாதிக்க வீட்டார்தான் முறையிடுகிறார்கள் என்ற நிலையில் இருப்பவர், திடீரெனப் பேச்சுக் குழறுகிறவர், ஒரு பக்கம் கை கால் சோர்ந்தவர், வலிப்பு வந்தவர் இவர்களுக்காகத்தான் நான் அவசரப்படுவேன்.

உங்கள் கணவர் கதை வேறு. செல் பக்கத்தில் விழுந்து மயங்கியவர்களுக்கு மூளை அதிர்ச்சியின் பின்விளைவு இருக்கலாம். ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், அப்படி அடிபட்டவர்களின் நீடித்த தொல்லைகளில் பெரும்பங்கு மனவடுவோடும் மனச்சோர்வோடும் சேர்ந்தே இருந்தது. தலையிடி மட்டும் தனித்து நின்றது. ஆகவே அவருடைய நித்திரையையும் கோபத்தையும் கனவுகளையும் பற்றியும் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று: சொன்னதைச் செய்வதில்லை, கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். துண்டு காதுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பார்க்காத பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் ஏதாவது சொல்லிப் பாருங்கள். வன்னியில் செல் சத்தம் பறித்துப்போன செவிகள் அனேகம். ஆண்கள் 'கேட்கவில்லை' என்பதைவிட 'மறந்துவிட்டேன்' என்று சொல்லிவிடுவார்கள். முதலில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் செவிப் பரிசோதனை செய்விக்கவும். யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்த இயந்திரம் பெரிய காந்தம் என்பதையும் உடம்பில் இரும்பு இருப்பதையும் படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய எக்ஸ்ரே படம் முகாமோடு தொலையாமல் இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.